பிள்ளைகளின் செலவையும் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்வது நியாயமா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்):

நானும் கணவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிவதென முடிவெடுத்து, ஓராண்டுக்கு மேலாகத் தனித்தனியே வாழ்கிறோம். ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் என்னுடன் இருப்பார்கள். அவருக்குச் சம்பளம் 70,000 ரூபாய். தனியார் பள்ளி ஆசிரியையான எனக்கு 18,000. பெருமாள்புரத்தில் இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக்கு 14 லட்சம் கடன் நிற்கிறது; அந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட, என் பிறந்த வீட்டில் போட்ட நகையில் 25 பவுனை விற்றோம். அம்பாசமுத்திரத்தில் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, 15 லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வீடு, நகை, பிள்ளைகள் செலவு எதிலும் இனிப் பாத்தியதை இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அவர் பொறுப்பற்ற தகப்பன் அல்லர். அவரை வருத்தும் எண்ணமும் எனக்கில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு சரிதானா?

பதில் (வழக்கறிஞர், திருநெல்வேலி):

சகோதரி, வெவ்வேறு கணக்குகளை அந்த ஒரே தொகையில் கலந்துவிட்டார்கள். பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம். அது மனைவிக்கே முழு உரிமையானது என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அதன் மதிப்பைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சமாகக் காட்டக் கூடாது. இந்து திருமணச் சட்டம் 25ஆவது பிரிவின்படி நீங்கள் கேட்கக்கூடிய நிரந்தர ஜீவனாம்சம் தனி. பிள்ளைகளின் பராமரிப்போ அவர்களுடைய உரிமை. தாய் கையெழுத்திட்டு அதை விட்டுக்கொடுத்துவிட முடியாது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் நெறிமுறை வகுக்கப்பட்டது. நீதிமன்றம் கேட்கும்வரை காத்திராமல், அதே விவரங்களை இருவரும் நேர்மையாக எழுதி வைத்துக்கொண்டு பெரியவர்கள் முன் அமருங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

பதில் (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):

வீட்டுக் கடனை இனி அவரே கட்டுவார் என்று உங்களுக்குள் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை, அவர் தவணை தவறினால் வங்கி உங்களையும் கேட்கும். வங்கி உங்களைக் கடனிலிருந்து விடுவித்து எழுத்து மூலம் தந்த பிறகே உங்கள் பங்கை அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். வீட்டின் இன்றைய சந்தை மதிப்பில் கடனைக் கழித்து மிஞ்சுவதில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பதில் (வள்ளியூரிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்):

15 லட்சத்தை அப்படியே வைப்பில் போட்டு 7 சதவீத வட்டி கிடைத்தாலும் மாதம் 8,750 ரூபாய்தான் வரும். உங்கள் மகன் பள்ளியை முடிக்கவே இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பிறகல்லவா கல்லூரி! பிள்ளைகளுக்கு மாதத் தொகையைத் தனியாகப் பேசி, அது ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும், எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் சேரும், ஜூன் மாதக் கல்விக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் யார் எவ்வளவு ஏற்பது என்பதையெல்லாம் சம்மதப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெரியவர்கள் சண்டையைச் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அந்த அவசரத்துக்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது. உங்களுக்கென்று தரும் தொகையில் ஒரு பகுதியை மனுத் தாக்கல் செய்யும்போதும், மீதியை இறுதி வாக்குமூலத்தன்று நீதிமன்றத்தில் டிடியாகவும் தரச் சொல்லுங்கள்.