கப்பலில் போய்ப் படிக்கப் போகும் அக்கா மகள்: ஆப்பிரிக்கத் துறைமுகங்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளை மாமா:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டை. அக்கா மகள் அமெரிக்காவில் கல்லூரியில் இரண்டாம் வருடம். இப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். செப்டம்பரில் இருந்து ஒரு செமஸ்டர் முழுக்கக் கப்பலில் போய்க்கொண்டே படிக்கப் போகிறேன் என்கிறாள். செமஸ்டர் அட் சீ என்று பெயர். ஐரோப்பாவில் ஏறி, மொராக்கோவில் காசாபிளாங்கா, கானாவில் டெமா, தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன், அப்புறம் மொரீஷியஸ், கொச்சி, அதற்கு மேல் கிழக்கே.

அக்கா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும்போதுகூட இப்படிக் கலங்கவில்லை. ஆப்பிரிக்கா என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அத்தானுக்கு வளைகுடாவில் வேலை. முடிவை என்னிடம் விட்டுவிட்டார். இது உண்மையான படிப்புதானா? அந்த ஊர்களில் ஒரு பெண் பிள்ளை இறங்கி நடமாட முடியுமா? கடல் எப்படி இருக்கும்? போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

உவரி போசன்:

அண்ணாச்சி, நான் சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் கடலைச் சொல்கிறேன். காசாபிளாங்காவில் இருந்து டெமா வரை பெரிய தொந்தரவு இராது. கேப் டவுனை நெருங்கும்போதுதான் கப்பல் ஆடத் தொடங்கும். அங்கிருந்து மொரீஷியஸ் பக்கம் திரும்பும்போது இன்னும் கூடுதல். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காகப் பாய்ந்து வருகிறது. தென்மேற்கில் இருந்து வரும் அலை அதற்கு நேர் எதிரே மோதினால் செங்குத்தாக எழும்பும். கேப்டன் வானிலையைப் பார்த்து அதற்குத் தகுந்தபடி வழியை மாற்றிக்கொள்வார், பிள்ளை பயப்பட வேண்டாம். குமட்டல் வந்தால் அறைக்குள் சுருண்டு படுக்காமல், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. வயிற்றைக் காலியாக விடக் கூடாது. கொஞ்சம் சுக்கு கொடுத்துவிடுங்கள்.

கேப் டவுனில் தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் துறைமுக வேலையை நிறுத்திவிடுவார்கள், கப்பல் வெளியே காத்துக் கிடக்கும். அந்த நேரம் பிள்ளையிடம் இருந்து போன் வராவிட்டால் வீட்டில் யாரும் பதற வேண்டாம்.

சேரன்மாதேவிக்காரி:

அண்ணாச்சி, நான் அதே கப்பலில் இதே வழியில் போய் வந்தவள். அக்காவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

படிப்பு உண்மையானதுதான். 1963இல் தொடங்கிய திட்டம். இப்போது கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் கிரெடிட் கொடுக்கிறது. கப்பல் நடுக்கடலில் இருக்கும் நாட்களில் வகுப்பு நடக்கும், ஞாயிறு என்றெல்லாம் பார்ப்பதில்லை. கரையில் நிற்கும்போது வகுப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் பேராசிரியரோடு போகும் களப்பாடம் உண்டு, அதற்கு மார்க்கும் உண்டு.

முதலில் கவலைப்பட வேண்டியது விசாவைப் பற்றி. கூட வரும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மொராக்கோவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் விசா வேண்டாம். நம் பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோ, கானா, தென் ஆப்பிரிக்கா மூன்றுக்கும் கப்பல் ஏறுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். கூட்டாளிகள் சும்மா இருக்கிறார்களே என்று அவளும் இருந்துவிடக் கூடாது. மொரீஷியஸுக்கு மட்டும் நமக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் கானாவில் இறங்க முடியாது. கானாவில் இருந்து வருகிறவள் என்பதால் கொச்சியிலும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆயுளுக்கு ஒன்று போதும். லீவில் இருக்கும்போதே சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். கானாவுக்கு மலேரியா மாத்திரையும் வேண்டும். இறங்கும் முன்பே தொடங்கி, கிளம்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போட வேண்டும். கேப் டவுனில் மலேரியா கிடையாது.

மொராக்கோவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காசாபிளாங்காவில் கடலை ஒட்டி இரண்டாம் ஹசன் மசூதி, 1993இல் கட்டி முடித்தது. அங்கிருந்து மராகேஷ் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். சந்தைச் சந்துகளில் வழி காட்டுகிறேன் என்று பையன்கள் கூடவே வருவார்கள், கடைசியில் காசு கேட்பார்கள். முதலிலேயே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

கானாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். டெமாவில் இருந்து தலைநகர் அக்ராவின் நெரிசலைத் தாண்டி மேற்கே எல்மினா போக அரை நாள் பிடிக்கும். போயே ஆக வேண்டும். அங்கே உள்ள கோட்டையை 1482இல் போர்ச்சுக்கீசியர் கட்டினார்கள், 1637இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். கோட்டைக்குக் கீழே மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் வண்ணமும் கொடியும் எழுத்தும். பெண்கள் தலையில் பெரிய பேசினில் மீன் சுமந்து போகிறார்கள், காற்றெல்லாம் கருவாட்டு வாசனை. மணப்பாட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. கோட்டைக்குள் போன பிறகு அந்தச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அடிமைகளாகப் பிடித்த பெண்களை அடைத்து வைத்த இருட்டறைகள். அவர்களைக் கொண்டுவந்து நிறுத்திய முற்றம். அந்த முற்றத்தைப் பார்த்தபடி மேலே கவர்னரின் மாடி. கடல் பக்கம், ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற அளவுக்கு ஒரு வாசல். அதன் வழியாகத்தான் கப்பலுக்கு ஏற்றினார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்த கறுப்பின அமெரிக்கத் தோழி அந்த வாசலுக்கு வர மாட்டேன் என்று முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.

போர்ச்சுக்கீசியர் போய் டச்சுக்காரர் வந்த அதே கைமாற்றம் நம் தூத்துக்குடியிலும் நடந்திருக்கிறது, 1658இல். நமக்குப் பள்ளிக்கூடத்தில் முத்துக்குளிப்பைச் சொன்னார்கள், மற்றதைச் சொல்லவில்லை. மற்றது கேப் டவுனில் இருக்கிறது. ஸ்லேவ் லாட்ஜ் என்று ஒரு அருங்காட்சியகம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் தன் அடிமைகளை வைக்கக் கட்டிய கட்டடம். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியா ஆட்களோடு வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆட்களையும் கேப்புக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே அடிமைகளின் பெயர்கள் எழுதிய ஒரு தூண் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். எல்மினாவில் பார்த்த கதையின் இன்னொரு நுனி நம் கரையில் இருக்கிறது, அண்ணாச்சி. இந்த இரண்டையும் பார்க்காமல் அவள் திரும்பக் கூடாது.

இதனால்தான் ஒன்று சொல்கிறேன். கேப் டவுனில் இறங்கியதும் பாதிப் பிள்ளைகள் சிங்கம் பார்க்க வண்டி ஏறிவிடுவார்கள். பணமும் போகும், இருக்கிற கொஞ்ச நாளும் ரோட்டிலேயே போகும். அவள் ஊரிலேயே தங்கட்டும். ராபன் தீவுக்குப் படகு டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும், அதுவும் இறங்கிய மறுநாளுக்கே. காற்று அடித்தால் படகு ஓடாது. நாள் கையில் இருந்தால்தான் மாற்ற முடியும். மண்டேலா 27 வருடச் சிறைவாசத்தில் 18 வருடம் அங்கேதான் இருந்தார். எங்களுக்குச் சிறையைச் சுற்றிக் காட்டியவர் அங்கேயே கைதியாக இருந்தவர். சாப்பாட்டு அளவு எழுதிய பலகையைக் காட்டினார். இந்திய வம்சாவளிக் கைதிக்கு ரொட்டி உண்டு, கறுப்பினக் கைதிக்குக் கிடையாது. தண்டனையில்கூட ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

டேபிள் மவுண்டன் மலைக்கு ரோப் கார் இருக்கிறது, ஆனால் அதுவும் காற்றுக்கு நின்றுவிடும். நாங்கள் பிளாட்டெக்லிப் என்ற மலைப்பாதை வழியாகக் கல்படியில் ஏறினோம். உச்சி 1,085 மீட்டர். தண்ணீர் நிறைய வேண்டும், வழியில் நிழல் குறைவு.

பாதுகாப்பு கேட்டீர்கள். கேப் டவுனில் இருட்டிய பிறகு நடக்கக் கூடாது, ஆப்பில் டாக்சி கூப்பிட வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் போகக் கூடாது. ஏடிஎம்முக்குத் தனியாக வேண்டாம். இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கட்டும். அக்ராவில் எனக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. ட்ரோட்ரோ என்று வேன் ஓடும், நடத்துனர் ஊர் பேரைக் கூவிக்கொண்டே வருவார். பக்கத்தில் இருந்த அம்மாமார் என் சில்லறையை எண்ணி வாங்கிக் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தில் இறக்கியும் விட்டார்கள். ஆப்பிரிக்கா என்று மொத்தமாக ஒரு பயத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி எச்சரிக்கை போதும்.

மொரீஷியஸில் அவள் கையில் வாங்கும் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் வந்து ஏறிய 16 படிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பாளை மாமா:

ரொம்ப நன்றிம்மா. போசன் அண்ணாச்சிக்கும் நன்றி. அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். ஊசி போடக் கிண்டிக்கு எப்போது போகலாம் என்று இன்று அவளே கேட்டுவிட்டாள். இனி அவளுக்கு இரண்டு கேள்விதான். பிள்ளை சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டாள், என்ன சாப்பிடுவாள்? கொச்சியில் நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா?

சேரன்மாதேவிக்காரி:

கப்பலில் தினமும் சைவம் உண்டு. பாஸ்தா, உருளைக்கிழங்கு, சாலட் என்று சுற்றிச் சுற்றி வரும், கொஞ்ச நாளில் நாக்கு செத்துப்போகும். பருப்புப்பொடியும் புளியோதரைப் பொடியும் நிறையக் கொடுத்துவிடுங்கள். கானாவில் வாச்சே கேட்டு வாங்கலாம், தட்டப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்தது. ரெட் ரெட் என்று இன்னொன்று, தட்டப்பயறைச் செம்பனை எண்ணெயில் குழம்பாக்கிப் பொரித்த வாழைப்பழத்தோடு தருவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எதிலும் மீன் போட்டிருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாச்சே மேல் ஷிட்டோ என்று கறுப்பாக ஒரு மிளகாய்த் தொக்கு வைப்பார்கள், அதில் காய்ந்த மீனும் கூனியும் அரைத்திருக்கும். வைக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மொரீஷியஸில் கவலையே இல்லை, தெருவுக்குத் தெரு பருப்பு வைத்த தால்பூரி கிடைக்கும். பட்டர் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவார்கள்.

கொச்சிக்குத் தாராளமாகப் போங்கள். நெல்லையில் இரவு பாலருவி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அக்கா அம்பாசமுத்திரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் விட மாட்டார்கள், வெளி வாசலில் சந்திப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்புகிற அன்று மட்டும் போக வேண்டாம். அன்றைக்குப் பிள்ளைகள் குறித்த நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். பிந்தினால் அடுத்த துறைமுகத்தில் மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் மணிக்கணக்கில் உள்ளேயே உட்கார வைத்துவிடுவார்கள். கப்பல் வந்த மறுநாள் போவதுதான் நல்லது.