உதவி: ஊத்துமலை ஜமீன் ஊர், ‘1077’ என்று தேதியிட்ட பத்திரம். முப்பாட்டனார் நிலத்தை எங்கே தேடுவது?

கேள்வி – கரிசல்பாதை

ஊர் பழைய திருநெல்வேலி மாவட்டம், ஊத்துமலை ஜமீன். இப்போது தென்காசி மாவட்டம். கையில் ஒரே ஒரு கிரயப் பத்திரம். எட்டணா முத்திரைத்தாள், ராணி தலை. முதல் வரி இப்படி இருக்கிறது: “௲௭௰௭ ௵ பிலவ ௵ தை ௴ ௰௨ ௳”. 1077-ஐப் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) என்று எடுத்து 590 கூட்டினால் 1667 வருகிறது. அவ்வளவு பழையதா?

சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தப் பத்திரம் கிடைக்கவில்லை. இணையத்தில் வில்லங்கம் 1975-க்கு முன்னால் போகவில்லை. தாலுகா அலுவலகத்தில் 1950-க்கு முந்தைய பட்டா எதுவும் இல்லை என்கிறார்கள். நிலம் “நஞ்சை மூணு மரக்கால் விதைப்பாடு” (விதைக்கும் நெல்லின் அளவை வைத்துச் சொல்லும் நில அளவு), சர்வே எண் கிடையாது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1 – பழந்தாள்

பசலி இல்லை தம்பி, கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு). நெல்லைச் சீமைப் பத்திரங்களில் வெறும் எண் போட்டு ௵ போட்டிருந்தால் முதலில் கொல்லத்தைச் சந்தேகப்படுங்கள். கொல்லம் அங்கே ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். தை மாதம் என்பதால் 1077 + 825 = 1902. பிலவ வருஷத்தோடு ஒத்துப் பாருங்கள்: 2021, 1961, 1901 சித்திரைகளில் தொடங்கியவை பிலவ. 1901 சித்திரையில் தொடங்கிய பிலவத்தின் தை 12, 1902 ஜனவரி பிற்பாதி. இரண்டும் பொருந்துகிறது. இதே நாளைப் பசலியில் எழுதியிருந்தால் 1311 என்று இருக்கும், ஏனென்றால் பசலி ஜூலை 1-க்குத்தான் மாறும்.

௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. எண்களில் ௭-ஐ ‘எ’ என்றும் ௰-ஐ ‘ய’ என்றும் வாசித்துவிட்டுப் பலர் ஏதோ பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். ௯-ம் ௬-ம் கைநடையில் இன்னும் மோசம்.

அடுத்தது முத்திரை. 1899 முத்திரைச் சட்டப்படி ஐம்பது ரூபாய் வரையிலான கிரயத்துக்கு எட்டணா. அதைத் தாண்டி நூறு வரை ஒரு ரூபாய். ஆக உங்கள் கிரயம் 50 ரூபாய்க்குள். நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலக் கிரயத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. தாளின் பின்பக்கம் பாருங்கள். பதிவானதென்றால் ‘1-வது புஸ்தகம், வால்யூம், பக்கம், நம்பர்’ என்று எழுத்தும் அலுவலக முத்திரையும் இருக்கும். வெறுமையாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தத் தாள் இருக்கவே இருக்காது, யார் மேலும் தப்பில்லை.

பதில் 2 – மானூர்க்குளம்

தாலுகா அலுவலகச் சிக்கலுக்குக் காரணம் ஜமீன். ரயத்துவாரி ஊர்களுக்குத்தான் (குடியிடம் அரசே நேரடியாகத் தீர்வை வாங்கிய ஊர்கள்) அரசே பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடு வைத்திருந்தது. ஜமீன் ஊரில் தீர்வை வாங்கியது ஜமீன் கச்சேரி. பட்டாவும் முச்சலிக்காவும் (பட்டாவுக்குப் பதிலாகக் குடி எழுதிக்கொடுக்கும் ஒப்புதல்) ஜமீனுக்கும் குடிக்கும் இடையில்தான். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊரை அரசு எடுத்து, அளந்து, ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. அதனால் உங்கள் ஊருக்கு அரசுப் பட்டா அங்கிருந்துதான் ஆரம்பம். அதற்கு முந்தையது வேண்டுமானால் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஜமீன் தீர்வை ரசீது இருக்கிறதா பாருங்கள். பசலி எண் அதில்தான் வரும்.

இனாம் (மானிய) நிலமா என்றும் பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860-களின் இனாம் விசாரணைப் பதிவேடு இருக்கிறது. அனுபோகக்காரர் பெயர், வயது, முதல் மானியக்காரரோடு உறவு எல்லாம் கிடைக்கும். ஆனால் நிரந்தர நிலவரி ஏற்பாட்டுக்கு (ஜமீன் அரசுக்குக் கட்டவேண்டிய தொகையை நிலையாக நிர்ணயித்தது) பிறகு ஜமீன்தார் தானாகக் கொடுத்த இனாம் அதில் இராது.

விதைப்பாடு: நெல்லைப் பக்கம் நஞ்சையில் மரக்கால் சுமார் 8 சென்ட், 21 மரக்கால் ஒரு கோட்டை. உங்களுடையது 24 சென்ட் அளவு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதை வைத்து நிலத்தை அடையாளம் பிடிக்காதீர்கள்.

கரிசல்பாதை

பின்பக்கம் வெறுமைதான் அண்ணாச்சி. செக்குபந்தியில் (நான்கு எல்லை சொல்லும் பகுதி) நான்கு பெயர் இருக்கிறது: “இன்னார் வயலுக்கு மேற்கு, குளத்து மடைக்கு வடக்கு” என்கிற மாதிரி. அதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில் 3 – பழந்தாள்

பத்திரத்திலேயே பெரிய சொத்து அதுதான். பக்கத்து வயல்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகளாக இருப்பார்கள்; பாகம் பிரித்தபின் அண்ணன் தம்பி நிலம் அடுத்தடுத்துத்தானே கிடக்கும். மடை இன்றும் அதே பெயரில் இருக்கும். இப்படிச் செய்யுங்கள்:

அந்த மடையை ஒட்டிய இப்போதைய புல எண்களை (சர்வே எண்) குறியுங்கள். இணையத்தில் அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) ஒவ்வொன்றுக்கும் பழைய புல எண் வரும். அதைக் கொண்டுபோய் 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டையும், ஜமீன் ஒழிப்பு செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள். “பழைய பட்டா” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பதிவேட்டின் பெயரும் பழைய புல எண்ணும் எழுதி மனுவாகக் கொடுங்கள். மாவட்டம் பிரிந்தது 2019-ல்தான், ஆகவே திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேட்கவேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயத்தை விட்டுவிட்டு, அதே பெயர்களில் பாகப்பிரிவினை தேடுங்கள். அதில்தான் எல்லாக் கிளையும் ஒரே தாளில் வரும். இணையத்தில் இல்லாததற்கு நேரில் கைத்தேடல் மனு. தேடும் ஆண்டுகள் கூடக் கூடக் கட்டணமும் கூடும், அதனால் 1905–1930 என்று சுருக்குங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரை எழுதுங்கள், உங்கள் சிற்றூரின் பெயரை அல்ல. எல்லை மாறியிருந்தால் அப்போது அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

பதில் 4 – கொடைநோட்டு

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். 1902-ல் ஒருவர், 1955-ல் அதே பெயரில் ஒருவர் என்றால் ஒரே ஆள் என்று இணைத்துவிடாதீர்கள். “இன்னார் குமாரன்” என்பதைக் கட்டாயம் பாருங்கள், தகப்பன் பெயர் பொருந்தாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா கோயிலுக்கு வரும் குடும்பங்களிடம் வரி நோட்டு (கோயில் வரி வாங்கிய கணக்கு) இருக்கிறதா கேளுங்கள். பழைய நோட்டில் தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) வாரியாகப் பெயர் இருக்கும். ஒரே சாஸ்தா என்பதால் மட்டும் சொந்தம் ஆகாது, வேறு வேறு சாதிக்காரர்களும் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுவார்கள். நோட்டில் ஒரு தலைக்கட்டு எந்த வருஷம் இரண்டாகிறது என்று பாருங்கள். அதற்கு முன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் பாகப்பிரிவினை தேடினால் கட்டணமும் மிச்சம்.

கரிசல்பாதை

மடைப் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. அதை ஒட்டி நான்கு புல எண், அதில் மூன்றுக்கு அ-பதிவேட்டில் ஒரே பழைய எண் வருகிறது. திங்கள்கிழமை மனு எழுதிவிடுகிறேன்.

பதில் 5 – மானூர்க்குளம்

மூன்றும் ஒரே பழைய எண் என்றால் பின்னால் உட்பிரிவு ஆனது. மனுவில் அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதுங்கள், கூடவே அதன் பழைய புலப்படத்தையும் கேளுங்கள்.