மெயில்பாக்ஸ் ஃபுல், டிலீட் செய்யவும் முடியவில்லை: எல்லாருக்கும் அன்லிமிடெட் வைத்துவிடலாமா?

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனி, ஐ.டி.க்கென்று தனி ஆள் கிடையாது, மெர்ச்சண்டைசிங் பார்க்கிற நான்தான் மெயிலையும் பார்த்துக்கொள்கிறேன். சொந்த டொமைன், ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது), அதை நிர்வகிக்க சிபேனல் என்ற பக்கம். மொத்தம் 50 ஜிபி, 14 மெயில் ஐடி, ஆளுக்கு 3 ஜிபி கொடுத்திருக்கிறேன்.

நேற்று காலை பையர் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். லேப் டிப் (துணிக்கான சாயச் சாம்பிள்) அப்ரூவல் மெயில் இரண்டு தடவை அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது, 552 5.2.2, மெயில்பாக்ஸ் ஃபுல். போய்ப் பார்த்தால் என் ஐடி 100 சதவீதத்தில் நிற்கிறது. சரி, 2021 மெயில்களை அழித்துவிடலாம் என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தினால் அதற்கும் கோட்டா தாண்டிவிட்டது என்றே பிழை வருகிறது. அழிப்பதற்குமா இடம் வேண்டும்? எல்லா ஐடிக்கும் அன்லிமிடெட் என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா? ஹோஸ்டிங்காரர்கள் பெரிய பிளானுக்குப் போகச் சொல்கிறார்கள். அப்ரூவல் கையில் இல்லாமல் துணியை டையிங்குக்குக் கொடுக்க முடியாது, அதனால் கொஞ்சம் அவசரம்.

அஞ்சல்பெட்டி:
ஆமாம், அழிக்கவும் இடம் வேண்டும். ஐமேப்பில் (மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை) டிலீட் அழுத்தியதும் பழைய மெயில் மென்பொருள்கள் அந்த மெயிலை முதலில் டிராஷுக்கு நகலெடுக்கும், நகல் விழுந்த பிறகுதான் இன்பாக்ஸில் இருப்பதை நீக்கும். டிராஷும் அதே 3 ஜிபிக்குள்தான் இருக்கிறது. இடமே இல்லாத இடத்தில் நகல் எப்படி விழும்?

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். சிபேனலில் உங்கள் ஐடிக்கு மட்டும் கோட்டாவை 4 ஜிபி ஆக்குங்கள், 14 பேருக்கும் சேர்த்து 42 ஜிபிதானே ஆகிறது, தாங்கும். உடனே பையரை அந்த மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் 552 என்பது நிரந்தர மறுப்பு, அவர் சர்வர் தானாக மீண்டும் முயலாது. 4-இல் தொடங்கும் பிழையாக இருந்தால் சில நாள் விடாமல் முயன்று பார்த்திருக்கும். அப்புறம் டிராஷையும் ஸ்பேமையும் காலி செய்துவிட்டு, ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் அளவு வாரியாக வரிசைப்படுத்தி மேலே இருப்பதைப் பாருங்கள். தேதி பார்த்து அழிக்காதீர்கள். ஆயிரம் சின்ன மெயிலை அழித்துக் கிடைக்கிற இடத்தை, மேலே இருக்கிற பத்தே மெயில் கொடுத்துவிடும். சென்ட் ஃபோல்டரை மறக்க வேண்டாம், எல்லாரும் இன்பாக்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அன்லிமிடெட் மட்டும் வேண்டவே வேண்டாம். யாரோ ஒருவர் பெட்டி வீங்கி மொத்த 50 ஜிபியையும் தின்றுவிட்டால் 14 பேருக்கும் மெயில் நிற்கும், அதே கணக்கில் இருக்கிற வெப்சைட்டும் சேர்ந்து தடுமாறும்.

பேரேடு_கோவை:
அழிக்கும் முன் ஒரு நிமிடம். நான் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், இதில் ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் எல்லா மெயிலும் தெரிகிறதே, அதனால் சர்வரில் இருப்பதை அழித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்து வெப்மெயிலில் போய் இரண்டு வருட மெயிலைத் துடைத்தேன். மாலையில் அவுட்லுக்கைத் திறந்தால் அங்கேயும் இல்லை. ஐமேப் கணக்கில் அவுட்லுக் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்பு சர்வரின் நிழல் மாதிரி, அங்கே போனால் இங்கேயும் போய்விடும். பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் பிஎஸ்டி கோப்பாக (சர்வரோடு தொடர்பில்லாத தனி நகல்) எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், தண்டர்பேர்ட் என்றால் லோக்கல் ஃபோல்டருக்கு நகலெடுக்க வேண்டும், பிறகு நெட்டை நிறுத்திவிட்டு நாலைந்து மெயிலைத் திறந்து அட்டாச்மென்ட்டும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பல சப்ளையர் பில் மெயிலில் மட்டும்தான் இருக்கும். அக்கவுண்ட்ஸ் ஐடியில் கை வைக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சர்வர்அறை:
மேலே இருவர் சொன்னதும் சரி. நான் சொந்தமாக டோவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நடத்துகிறேன், அதில் டிராஷுக்கு மட்டும் கோட்டாவுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கலாம், நான் 100 எம்பி விட்டிருக்கிறேன், அதனால் இந்த "அழிக்க முடியவில்லை" புகாரே வருவதில்லை. 80 சதவீதத்திலும் 95-இலும் எச்சரிக்கை மெயில் போகும், டிராஷில் 30 நாள் தாண்டியது இரவில் தானாகப் போய்விடும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இந்த அமைப்புகள் உங்கள் கைக்கு வராது, ஆனால் வாரம் ஒரு நாள் கோட்டா பக்கத்தைத் திறந்து பார்க்கலாமே.

இன்னொன்று, அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருகும். 15 எம்பி பிடிஎஃப், மெயிலில் 20 எம்பிக்கு மேல். அதை உங்கள் ஆபீஸிலேயே நாலு பேருக்கு சிசி போட்டால் நாலு பெட்டி, உங்கள் சென்ட்டில் ஒன்று, ஆக ஒரே கோப்புக்கு 100 எம்பி போச்சு. பெரிய கோப்பை டிரைவில் போட்டு லிங்க் அனுப்பப் பழக்குங்கள், பெரிய பிளானுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி. 4 ஜிபி ஆக்கியதும் பையர் மறுபடி அனுப்பினார், வந்துவிட்டது, துணி டையிங்குக்குப் போயாச்சு. சென்ட்டில் மட்டும் 1.7 ஜிபி இருந்தது. ஒரே ஸ்டைலின் டெக் பேக் (உடையின் அளவு, தையல் விவரக் கோப்பு), "ஃபைனல்", "ஃபைனல் 2", "கரெக்டட் ஃபைனல்" என்று பதினோரு முறை போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் கட்டிங், சாம்பிளிங், க்யூசி எல்லாருக்கும் சிசி. கடைசி இரண்டை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டேன், மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன். அக்கவுண்ட்ஸ் ஐடி 88 சதவீதத்தில் இருக்கிறது, அதை இன்னும் தொடவில்லை. சனிக்கிழமை ஹார்டு டிஸ்க் வாங்கி நகலெடுத்து, எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா உட்கார்ந்து திறந்து பார்த்த பிறகுதான்.