லாமி தேற்றத்தில் எந்தக் கோணத்தை எடுப்பது?

கேள்வி:
100 நியூட்டன் எடையுள்ள பொருள் ஒன்று இரண்டு கயிறுகளில் தொங்குகிறது. முதல் கயிறு கிடைமட்டத்துடன் 30 பாகையும், இரண்டாவது 60 பாகையும் சாய்ந்துள்ளன. லாமி தேற்றத்தின்படி முதல் கயிற்றின் இழுவிசை 86.6 நியூட்டன், இரண்டாவதன் இழுவிசை 50 நியூட்டன் என்று எனக்குக் கிடைத்தது. விடைக்குறிப்பில் இவை இடம் மாறியுள்ளன. எப்படி வைத்தாலும் கூட்டுத்தொகை 136.6 வருகிறதே, 100 நியூட்டன் எடைக்கு இவ்வளவு எதற்கு?

பதில் 1:
விடைக்குறிப்பே சரி. ஒரு புள்ளியில் மூன்று விசைகள் சமநிலையில் இருந்தால், ஒவ்வொரு விசையையும் மற்ற இரு விசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் சைனால் வகுக்கும்போது ஒரே மதிப்பு வரும் என்பதே தேற்றம். கயிறுகளுக்கு இடையே 90, எடைக்கும் முதல் கயிற்றுக்கும் இடையே 120, எடைக்கும் இரண்டாவது கயிற்றுக்கும் இடையே 150 பாகை உள்ளன. முதல் கயிற்றுக்கு உரியது 150. நீங்கள் அதை ஒட்டியிருக்கும் 120-ஐ எடுத்துவிட்டீர்கள். இந்தத் தவறு மிகவும் பரவலானது என்பதால், விடை வந்ததும் கிடைமட்டக் கூறுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. உங்கள் விடையில் அவை 75, 25 என வருகின்றன. அப்படியானால் கயிறுகள் சேரும் முடிச்சு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். சரியான விடையில் இரண்டுமே 43.3.

பதில் 2:
கூட்டுத்தொகையைப் பற்றி: எடையைத் தாங்குபவை செங்குத்துக் கூறுகள் மட்டுமே. முதல் கயிறு 25, இரண்டாவது 75 நியூட்டன் தாங்குவதால் கணக்கு 100-இல் நேராகிறது. எஞ்சிய இழுப்பு, கயிறுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுப்பதில் செலவாகிறது. இரு கயிறுகளும் கிடைமட்டத்துடன் 5 பாகை மட்டுமே சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றின் இழுவிசையும் ஏறத்தாழ 574 நியூட்டன் ஆகிவிடும். எடை தொங்கும் கயிற்றை முற்றிலும் கிடைமட்டமாக இழுத்துக் கட்டவே முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வழவழப்பான சுவரில் சாய்ந்த ஏணியில் விசைகள் வெவ்வேறு இடங்களில் செயல்படுகின்றனவே, அங்கும் இத்தேற்றம் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தும். இணையல்லாத மூன்று விசைகள் ஒரு திண்பொருளைச் சமநிலையில் வைத்தால், அவற்றின் செயல்கோடுகள் (விசை செயல்படும் இடத்தின் வழியே அதன் திசையில் வரையும் கோடுகள்) ஒரே புள்ளியில் சந்தித்தே தீர வேண்டும். இல்லாவிடில், இரு கோடுகள் வெட்டும் புள்ளியைப் பொறுத்து மூன்றாவது விசை ஏணியைச் சுழற்றிவிடும். ஆகவே எடையின் கோடும் சுவரின் எதிர்விசைக் கோடும் வெட்டும் புள்ளியைக் குறித்து, ஏணியின் அடியிலிருந்து அதற்கு ஒரு கோடு வரையுங்கள். தரையின் எதிர்விசை, உராய்வையும் சேர்த்து, அந்தத் திசையில்தான் இருக்கும். சீரான ஏணி தரையுடன் 60 பாகையில் நின்றால், அக்கோடு சுமார் 74 பாகையில் அமையும்.