1/5 அளவு தண்டர்போல்ட்: பெட்ரோல் எஞ்சினா, மின்மோட்டாரா? வால் கனத்தை என்ன செய்வது?

மரச்சிறகு:

அனைவருக்கும் வணக்கம். பி-47 தண்டர்போல்ட் போர்விமானத்தின் 1/5 அளவு ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றைப் பதினான்கு மாதங்களாகக் கட்டி வருகிறேன். அசல் விமானம் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 12.42 மீட்டர் என்பதால், என்னுடையது 2.48 மீட்டர் வருகிறது. இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். உடற்பகுதியின் சட்டங்கள் ப்ளைவுட், மேல்தோல் பால்சா என்னும் மிக லேசான மரம், அதன்மேல் மெல்லிய ஃபைபர்கிளாஸ் துணியும் எபாக்சியும். சக்கரக் கால்கள் காற்றழுத்தத்தால் மடங்குபவை. அசலில் கால் மடங்கும்போது அதன் நீளமும் சுருங்கும். அந்த வேலைப்பாட்டுக்குள் நான் போகவில்லை. என் ப்ரொப்பல்லர் அசலின் விகிதத்துக்கு மிகவும் சிறியது என்பதால் குட்டையான கால்களே போதுமானவையாக இருக்கின்றன.

எஞ்சினை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. எஞ்சின், ப்ரொப்பல்லர், பேட்டரிகள் எதுவும் இல்லாமல், வாலில் மூன்று செர்வோக்களோடும் (வாலின் அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்கள்) மடங்கும் கால்களோடும் நிறுத்துப் பார்த்ததில் 9.5 கிலோ வந்தது. வரைபடத்தின்படி சமநிலைப் புள்ளி, இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 விழுக்காட்டில், அதாவது சுமார் 11 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். என் விமானமோ அந்தப் புள்ளிக்கும் 16 செ.மீ. பின்னால்தான் சமன் ஆகிறது.

55 சிசி பெட்ரோல் எஞ்சின் போதுமா, அல்லது உடன் பறப்பவர்கள் சொல்வதுபோல் 100 சிசிக்குப் போக வேண்டுமா? மின்மோட்டார் என்றால் 12 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) இவ்வளவு பெரிய விமானத்தை இழுக்குமா? இரண்டு வழியிலும் பறக்கவிட்ட அனுபவமுள்ளவர்கள் கணக்கோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ணெய்க்கறை:

வாழ்த்துகள், நண்பரே. முதலில் 100 சிசி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அசல் தண்டர்போல்ட் 18 சிலிண்டர் ஆர்-2800 எஞ்சினின் 2,000 குதிரைத்திறனைக் கொண்டு சுமார் 7 டன் எடையைத் தூக்கியது; கிலோவுக்கு 210 வாட் அளவில் வருகிறது. உங்கள் விமானம் 14 கிலோவில் முடிந்து, ப்ரொப்பல்லர் தண்டில் 4 கிலோவாட் கிடைத்தால், கிலோவுக்கு 285 வாட். அசலைவிடத் தாராளம். ஒழுங்காகச் சுருதி கூட்டிய 55 சிசி எஞ்சின் 22x10 அளவு ப்ரொப்பல்லரில் (22 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 10 அங்குல முன்னேற்றம்) இந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்துவிடும். செங்குத்தாக மேலே ஏறிப்போவது இந்த வகை விமானத்துக்கு அழகும் அல்ல, தேவையும் அல்ல.

தண்டர்போல்டின் அகன்ற வட்டக் கௌலிங், அதாவது எஞ்சினை மூடும் கூடு, ஒரு வரம். சிலிண்டரையும் சைலன்சரையும் முழுக்க உள்ளே மறைத்துவிடலாம். ஆனால் அந்த அகன்ற வாயே எஞ்சினைச் சுட்டெரிக்கவும் செய்யும், ஏனெனில் உள்ளே நுழையும் காற்று தடையில்லாத வழியைத் தேடிச் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். சிலிண்டரைக் குளிர்விக்கும் சூடான துடுப்புகளுக்கு நடுவே அது தானாகப் போகாது. ஆகவே அசலைப்போல் தோன்றுவதற்காக முன்னால் வைக்கும் பொய் சிலிண்டர்களுக்குப் பின்னால் மெல்லிய ப்ளைவுட் தகடு வைத்து, உண்மையான சிலிண்டருக்கு நேராக மட்டும் திறப்பு விட்டு, மற்ற இடமெல்லாம் அடைத்துவிடுங்கள். காற்று வெளியேறும் வழி, உள்ளே வரும் வழியைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். என்னுடைய முதல் பெரிய விமானத்தில் இந்தத் தடுப்பைப் போடாமல் விட்டேன். மூன்றாவது பறத்தலில், தரையிறங்கத் திரும்பும் வேளையில் எஞ்சின் நின்றுபோய், கால் ஒன்றை முறித்துக்கொண்டு புல்லில் இறங்கினேன்.

எரிபொருள் குழாய் சிலிக்கானாக இருக்கக்கூடாது. பெட்ரோலில் அது ஊதி, மென்மையாகி, ஒருநாள் முனையிலிருந்து கழன்றுவிடும். பெட்ரோலுக்கென்று வரும் மஞ்சள் நிற டைகான் குழாயைப் பயன்படுத்துங்கள். டேங்க்கின் மூடியும் பெட்ரோலைத் தாங்குவதுதானா என்று பாருங்கள். இக்னிஷன் பெட்டிக்குத் தனி பேட்டரி கொடுத்து, ரிசீவரிலிருந்து 30 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கார்புரேட்டரை இழுக்கும் கம்பி உலோகமாக இருந்தால் மின்னிரைச்சல் அதன் வழியே செர்வோவுக்கு வரும் என்பதால், நைலானோ மரமோ போதும். ரேடியோவிலிருந்தே இக்னிஷனை அணைக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் எல்லாத் திருகுகளையும் தளர்த்திப் பார்க்கும் குணமுடையது. எனவே உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் பூட்டுப்பசை போடுங்கள், எஞ்சின் தாங்கும் முன்பலகையை எபாக்சியோடு நிறுத்தாமல் மர ஆணிகளும் அடித்து உடற்சட்டத்தோடு பிணையுங்கள்.

பன்னிரண்டு செல்:

மேலே எழுதிய நண்பரின் கணக்கு சரி. அதே 4 கிலோவாட்டை மின்சாரத்தில் பெறுவதும் இன்று கடினமான காரியம் அல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். 12 செல் லைப்போ சுமையில் 42 வோல்ட் அளவில் நிற்கும். 100 ஆம்பியர் இழுத்தால் 4,200 வாட் உள்ளே போகிறது. மோட்டாரின் இழப்பு போகத் தண்டில் 3,600 வாட்டுக்குக் குறையாமல் வரும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 180 சுற்று என்ற அளவிலான மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் 22x12 ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 6,300 முறை அளவில் சுழலும். ஒரு சுற்றுக்கு 12 அங்குல முன்னேற்றம் என்றால், நழுவல் ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 115 கிலோமீட்டர். உங்கள் விமானம் 14 கிலோவில் மணிக்கு 47 கிலோமீட்டர் அளவில் ஸ்டால் ஆகும் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) என்று என் கணக்கு சொல்கிறது. ஸ்டால் வேகத்தைப்போல் இரண்டரை மடங்கு ப்ரொப்பல்லர் வேகம் இருந்தால் போர்விமானம் போர்விமானமாகப் பறக்கும்.

சிக்கல் பறக்கும் நேரத்தில்தான். 5,000 மில்லியாம்பியர்-மணி கொண்ட இரண்டு 6 செல் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் எடை 1.6 கிலோ, கொள்ளளவு 222 வாட்-மணி. அதில் 80 விழுக்காட்டை மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பதையும், சராசரியாக 1,600 வாட் செலவாகும் என்பதையும் வைத்துப் பார்த்தால், ஆறரை நிமிடம். இரட்டிப்பாக்கினால் 13 நிமிடம் கிடைக்கும், எடையும் 3.2 கிலோ ஆகும். நான் ஆறரை நிமிடத்தோடு நிறைவடைந்துவிட்டேன். பெரிய போர்விமானத்தை ஓட்டுகிறவரின் கவனமும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கூர்மையாக இருக்கும், ஒப்புக்கொள்ள மனம் வராவிட்டாலும்.

ஓர் எச்சரிக்கை. முழுதாக ஏற்றிய 12 செல் பேட்டரி 50.4 வோல்ட், பிளக்கைச் செருகும்போது தெறிக்கும் பொறி முனைகளை அரித்துவிடும். பொறி தடுக்கும் பிளக் பயன்படுத்துங்கள். அந்த இறுதி இணைப்பை ப்ரொப்பல்லருக்கு முன்னால் குனிந்து செய்யும்படி அமைக்காமல், உடலின் பக்கவாட்டில், இறக்கைக்குப் பின்னால் நின்று செருகும்படி அமையுங்கள். பெட்ரோல் எஞ்சின் நின்றிருந்தால் நின்றதுதான். மின்மோட்டார் நின்றிருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை அது விழித்திருக்கும் ஒன்று.

மரச்சிறகு:

இருவருக்கும் மிக்க நன்றி. நானும் ஒரு கணக்குப் போட்டேன். 9.5 கிலோ, 16 செ.மீ. பின்னால், எடையைத் தொலைவால் பெருக்கினால் 152 கிலோ-செ.மீ. அளவுக்கு வால் இழுக்கிறது. பெட்ரோல் எஞ்சின், சைலன்சர், இக்னிஷன், ப்ரொப்பல்லர் எல்லாம் சேர்ந்து 2.3 கிலோ, 45 செ.மீ. முன்னால், ரிசீவர் பேட்டரிகள் அரை கிலோ, 35 செ.மீ. முன்னால். இரண்டும் சேர்ந்து 121தான் வருகிறது. மீதி 31க்கு, முன்பலகையில் 40 செ.மீ. தொலைவில் ஏறக்குறைய 780 கிராம் ஈயம் வைக்க வேண்டும். இது சரியாக இருக்குமா? முக்கால் கிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு பறப்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. இதற்காக மட்டும் மின்மோட்டாருக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறேன்.

முன்பலகை:

உங்கள் கணக்கு சரியானதுதான், கேள்விதான் இடம் மாறியிருக்கிறது. தண்டர்போல்ட் மாதிரிகள் ஏன் எப்போதும் வால் கனத்துப் போகின்றன என்று பாருங்கள். அசலில் எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 1 டன். காலி விமானத்தின் எடையோ நாலரை டன். கால்பங்குக்கு நெருக்கமான எடை மூக்கிலேயே இருந்ததால், விமானிக்குப் பின்னால் உடலின் அடியில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கனமான டர்போ சூப்பர்சார்ஜரை அவர்களால் வைக்க முடிந்தது. அதற்குப் போய்வரும் காற்றுக் குழாய்களால்தான் அந்த விமானத்துக்கு அப்படியொரு தொந்தி. நாம் கட்டும் மாதிரியில் எஞ்சின் மொத்த எடையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் மூக்கின் நீளம் அசலின் விகிதத்திலேயேதான் இருக்கிறது. ஆகவே ஈயத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வாலைப் பார்க்க வேண்டும்.

எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இரண்டும் ரட்டருக்கு (இடவலம் திருப்பும் வால் பலகை) ஒன்றுமாக மூன்று செர்வோக்களை வாலில் வைத்திருக்கிறீர்கள். ஒன்று 75 கிராம் என்றால் மூன்றும் 225 கிராம். சமநிலைப் புள்ளியிலிருந்து 115 செ.மீ. பின்னால் இருக்கின்றன. இவற்றை இறக்கையின் பின்விளிம்புக்கு மேலே, 20 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் 21 கிலோ-செ.மீ. மிச்சமாகிறது. உங்கள் 31இல் மிஞ்சுவது 10 மட்டும். ரட்டருக்கு இருபுறமும் இழுக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள், எலிவேட்டரின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனிக் கார்பன் குழாய் என்று போட்டால், கூடுதல் எடை மிகக் குறைவு. கார்பன் குழாய் நடுவில் வளையாதபடி இரண்டு இடங்களிலாவது சட்டத்தில் வழிகாட்டித் துளை இருக்க வேண்டும். எலிவேட்டர் இணைப்பில் இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் வேகத்தில் அது படபடத்து, வாலையே பிய்த்துவிடும். வால் சக்கரத்தின் உலோகக் கட்டமைப்பையும் நிறுத்துப் பாருங்கள். வாலில் குறைக்கும் ஒவ்வொரு 100 கிராமும் முன்பலகையில் 290 கிராம் ஈயத்துக்குச் சமம். பெயின்ட் அடிக்கும்போதும் இதை மறக்க வேண்டாம். வாலில் இரண்டாம் பூச்சு அடிக்கிறவர் மூக்கில் ஈயம் வாங்கி வைக்கிறார் என்று பொருள்.

அதற்குப் பிறகும் 250, 300 கிராம் ஈயம் தேவைப்பட்டால் தயங்காமல் வையுங்கள். 14 கிலோ விமானம் 16 கிலோவானால்கூட ஸ்டால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் மட்டுமே ஏறும். ஆனால் சமநிலைப் புள்ளி இரண்டு செ.மீ. பின்னால் போனால் முதல் பறத்தலே கடைசிப் பறத்தலாகிவிடக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் மின்சாரம் எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள்? எட்டு அல்லது ஒன்பது வலுவான செர்வோக்கள், ஒவ்வொன்றும் அடைபட்டு நின்றால் 3 முதல் 5 ஆம்பியர்வரை இழுக்கக்கூடியவை. இரண்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள், இரண்டு சுவிட்சுகள், இரண்டு தனித்தனிக் கம்பிகள் என்று வையுங்கள். ஒரு சுவிட்ச் செத்துப் போனதால் ஒரு நல்ல விமானத்தை நான் இழந்திருக்கிறேன்; அந்தச் சுவிட்ச் என் மதிய உணவைவிட மலிவானது. இறக்கைக்குப் போகும் கம்பியின் தடிமனையும் கவனியுங்கள்: 0.33 சதுர மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர் போய்வரும் 5 ஆம்பியர் அரை வோல்ட்டைத் தின்றுவிடும். இறக்கையின் அசையும் பலகைகளான ஃப்ளாப்புகளுக்கும் ஏலரான்களுக்கும் 0.5 சதுர மி.மீ. போடுங்கள்.

பன்னிரண்டு செல்:

ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். மின்மோட்டாரில் இந்த ஈயச் சிக்கலே எழாது. மோட்டார், கண்ட்ரோலர், ப்ரொப்பல்லர் 2 கிலோ, 45 செ.மீ. முன்னால் என்றால் 90. மீதி 62ஐ, 1.6 கிலோ பேட்டரியை 39 செ.மீ. முன்னால், முன்பலகையை ஒட்டி வைத்தே ஈடுகட்டிவிடலாம். செர்வோக்களை நகர்த்தவும் வேண்டாம்.

முன்பலகை:

கணக்கு பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியை அந்த இடத்தில் மட்டும்தான் வைக்க முடியும்; வாலில் ஒரு பூச்சுப் பெயின்ட் கூடினாலும் முன்னால் நகர்த்த இடம் இருக்காது. மின்மோட்டார் போட்டாலும் செர்வோக்களை நகர்த்தச் சொல்வேன்; அப்போது பேட்டரியை 26 செ.மீ. வரை பின்னுக்குக் கொண்டுவரலாம், கௌலிங்கைக் கழற்றாமல் தொந்தியின் வழியே மாற்றவும் முடியும்.

மரச்சிறகு:

இரண்டு வார இறுதிகள் ஆயின. வாலின் அடித்தோலை அறுத்துத் திறந்து மூன்று செர்வோக்களையும் முன்னால் கொண்டுவந்துவிட்டேன். ரட்டருக்கு இழுகம்பி, எலிவேட்டருக்குக் கார்பன் குழாய். வால் சக்கரத்தின் எஃகுத் தண்டுக்குப் பதில் அலுமினியம் போட்டதில் 60 கிராம் குறைந்தது. இரவல் வாங்கிய 55 சிசி எஞ்சினை முன்பலகையில் பொருத்தி, எல்லாப் பேட்டரிகளோடும் தாங்கியில் வைத்துப் பார்த்தேன். 120 கிராம் ஈயத்தில் சமன் ஆகிறது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. எஞ்சின் பெட்ரோல் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது கௌலிங்குக்குள் வைக்கும் தடுப்புத் தகட்டை அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலிண்டரின் முகப்பிலிருந்து தகடு எவ்வளவு இடைவெளியில் நிற்க வேண்டும் என்று எண்ணெய்க்கறை அவர்கள் சொன்னால் ப்ளைவுட்டில் அறுத்துவிடுவேன்.

எண்ணெய்க்கறை:

துடுப்புகளைத் தொடாமல், ஆனால் உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு. 5 மி.மீ. போதும். எஞ்சின் அதிரும்போது தகட்டில் இடிக்காமல் இருக்க அந்த இடைவெளி தேவை. அதற்குமேல் விட்டால் காற்று நழுவிவிடும். அறுத்த விளிம்புகளில் மெல்லிய எபாக்சி பூச மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும்.