ஆரஞ்சுத் தோல் கஷாயம் கொடுத்தால் பஃப்பை நிறுத்தலாமா?

மலைக்காபி, ஏற்காடு:
மகளுக்குப் பத்து வயது, மூன்று வருடமாக வீசிங். காலையும் இரவும் பஃப் (மூச்சில் இழுக்கும் மருந்து). பனி மாதங்களில் ரொம்பச் சிரமப்படுகிறாள். பக்கத்து எஸ்டேட் அக்கா, கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துக் கஷாயம் வை, சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கொடு, அதிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற தாவரப் பொருள் அலர்ஜியை அடக்கிவிடும், பஃப்பே வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

உயிர்வேதியியல் வாத்தியார், சேலம்:
அக்கா வெறும் கதை சொல்லவில்லை. வெங்காயத்தில் குவர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு இருக்கிறது, மேல் அடுக்குகளில்தான் அதிகம், அதனால் தோலை மெல்லிசாக உரியுங்கள். மூச்சுக்குழாயை இறுக்குவது உடலிலேயே உண்டாகும் லூக்கோட்ரையீன் என்ற பொருள், அதைத் தயாரிப்பது லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி. சோதனைக் குழாயில் குவர்செட்டின் அந்த நொதியைத் தடுக்கிறது, மாஸ்ட் செல்கள் என்ற அலர்ஜி செல்கள், அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டுவதையும் குறைக்கிறது. ஆனால் சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் அதை உடனே வேறு வடிவமாக மாற்றிவிடுகின்றன, ரத்தத்தில் மிஞ்சுவது சோதனைக் குழாயில் ஊற்றும் அளவை விட மிகக் குறைவு.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அம்மி விஸ்நாகா என்ற செடியிலுள்ள கெல்லின் என்ற பொருளைத் தொடக்கமாக வைத்து 1960களில் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து வந்தது. ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவர், அவருக்கே ஆஸ்துமா, தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். ஃபிளேவனாய்டுக்கு நெருங்கிய அமைப்புதான் அதற்கும். வாய்வழி கொடுத்தால் குடல் அதை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் மூச்சில் இழுக்கும் மருந்தாகவே கொடுத்தார்கள். செடியிலிருந்து கிளம்பிய மருந்துகூடக் கடைசியில் பஃப்பாகத்தான் நுரையீரலுக்குப் போனது.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
தினசரிப் பஃப்பைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நிறுத்தின அன்றைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே வீக்கம் மெல்லத் திரும்பும், ஒரு ராத்திரி திடீரென்று இழுக்கும். அப்போது இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும், அதை நினைத்துப் பாருங்கள். குறைக்க வேண்டுமென்றால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். அப்புறம் தோல், பூச்சிமருந்து தெளித்த பழமா என்று பார்த்தீர்களா? பனியில் காய்ந்தால் பூஞ்சை வேறு பிடிக்கும், வீசிங் உள்ள பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது.

மலைக்காபி, ஏற்காடு:
இப்போதுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன், முறத்தில் பாதித் தோல் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடிவிட்டேன். வெங்காயம் சாம்பாரில் போகட்டும். ராத்திரி பஃப் கொடுத்தாயிற்று, தூங்குகிறாள்.