மலைப்பாதையில் போர் மினியேச்சர்கள்: காந்தம் பதித்து எடுத்துச் செல்லலாமா?

குன்னூர்க்காரன்:
வணக்கம். 28 மி.மீ. அளவுள்ள, வண்ணம் பூசிய குட்டி வீரர் உருவங்களை (மினியேச்சர்) மேசைப் போர் விளையாட்டுக்காக அவ்வப்போது கோவைக்கு எடுத்துச் செல்கிறேன். ஸ்பாஞ்ச் பெட்டியில் படுக்க வைத்தால், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வளைவுக்கு வளைவு அவை உரசி, ஈட்டி முனையிலும் முழங்காலிலும் வண்ணம் பெயர்ந்துவிடுகிறது. உருவம் நிற்கும் அடித்தட்டில் காந்தம் பதித்து நிற்க வைப்பதாக இருந்தால், எந்தக் காந்தமும் எந்தப் பெட்டியும் ஏற்றவை? கனமான ஈயக்கலவை உருவங்களையும் அது தாங்குமா?

உதகை வாசகர்:
தாங்கும். பிளாஸ்டிக் உருவத்துக்கு 5 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள ஒரு நியோடிமியம் காந்தம் (சிறிதானாலும் மிக வலுவான வகை) போதும். ஈய உருவத்துக்கு இரண்டு காந்தங்கள் பதியுங்கள். பெட்டி வாங்கும்போது கையில் ஒரு காந்தம் இருக்கட்டும், ஏனெனில் எவர்சில்வர் டப்பாக்களில் பலவற்றில் காந்தம் ஒட்டாது. சாதாரண பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் தகரத் தகடு வெட்டி ஒட்டுவதே எனக்குப் பிடித்த வழி.

வேலையின் உயிர்நாடி இடைவெளிதான். காந்தத்துக்கும் தகரத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இருந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே தகரத்தின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, காந்தத்தை அதில் நிற்கவிட்டு, அடித்தட்டின் அடிப்பக்கக் குழியில் எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) நிரப்பி, விளிம்பு தகரத்தில் படியும்வரை காந்தத்தின் மேல் அழுத்தி, இறுகும்வரை விட்டுவிடுங்கள். காந்தம் விளிம்போடு சமமாக அமைந்துவிடும். ஃபெவிக்விக் மட்டும் போட்டால், அதிர்ச்சியில் காந்தம் தகரத்திலேயே தங்கி, உருவம் தனியே கழன்று வரும். எல்லாக் காந்தங்களின் வடமுனையும் ஒரே பக்கம் பார்க்கட்டும். மாறியிருந்தால் பக்கத்து வீரர்கள் ஒன்றையொன்று இழுத்து மோதிக்கொள்வார்கள்.

கோத்தகிரி அன்பர்:
பிளாஸ்டிக் படை மட்டும் என்றால் இதை முறை மாற்றிச் செய்வதே சிக்கனம்: அடித்தட்டில் இரும்பு வாஷர், பெட்டியில் காந்த ஷீட். பிடிப்பு குறைவு, ஆனால் முனை பார்க்கும் தொல்லை இல்லை. நம் மலையின் ஈரத்தையும் மறக்க வேண்டாம். நிக்கல் பூச்சு கீறிய நியோடிமியம் துருவேறிப் பொடிந்துவிடும், வாஷரும் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரு கை வார்னிஷ் பூசி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

குன்னூர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. ஈய உருவங்களே அதிகம் என்பதால் நியோடிமியம்தான். வீட்டில் சிறு குழந்தை உண்டு. தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உதகை வாசகர்:
கட்டாயம் உண்டு. இரண்டு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளையிட்டுவிடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. வேலை முடிந்ததும் மிச்சத்தை எண்ணிப் பூட்டி வையுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் பெட்டியை அவர் மார்பருகே கொண்டு செல்ல வேண்டாம்.